மண் எறிந்த கை

யசிந்தாவின் கருவாட்டில் ஈ இருக்காது. மயிலிட்டித் துறையில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். கட்டாவோ திரளியோ, அவள் கை பட்டால் பொன் தகடு போலக் காய்ந்து வரும். புழு வைக்காது. வெளியூரிலிருந்து வரும் யாவாரி மற்றவர்களுடைய சாக்குகளை அவிழ்த்து, மணந்து பார்த்து, முகத்தைச் சுளித்துத்தான் எடுப்பான். யசிந்தாவின் சாக்கை மட்டும் அவிழ்ப்பதே இல்லை. "அக்கான்ரை கைராசி" என்று சொல்லி அப்படியே வாகனத்தில் ஏற்றிவிடுவான்.

அந்தக் கையின் கதைதான் இது.

சண்டை வந்து ஊரே எழும்பி ஓடியபோது யசிந்தா பாவாடை சட்டைப் பிள்ளை. திரும்பி வந்தபோது தலை நரைத்திருந்தது. இடையில் எத்தனை முகாம், எத்தனை கொட்டில்! அந்த அலைச்சலில்தான் குருநகர்ச் சிமியோன் அவளைக் கைப்பிடித்தான். அந்த அலைச்சலில்தான், மாரி மழை கூரையால் ஒழுகிய ஒரு நாளில், அவளுக்கு ஒரு பெண்குழந்தை பிறந்தது. ஜஸ்ரின் என்று பெயர் நினைத்து வைத்திருந்தார்கள். சுவாமியார் வந்து தலையில் தண்ணீர் ஊற்றுவதற்குள் குழந்தை போய்விட்டது. பிறகு அவளுக்குப் பிள்ளை இல்லை. அந்தப் பெயரை அவளும் வாயால் சொன்னதில்லை, சிமியோனும் சொன்னதில்லை.

ஊருக்குத் திரும்பியபோது வீடு இருந்த இடத்தில் கிணறும் பற்றைக்காடும் ஒரு பெரிய வேம்பும்தான் மிஞ்சியிருந்தன. வேம்பின் உச்சியில் செம்பருந்துச் சோடி ஒன்று கூடு கட்டியிருந்தது. கூரைக்கு மரம் தேவை என்று சிமியோன் கோடரியோடு போனான். யசிந்தா மரத்தை மறித்துக்கொண்டு நின்றாள்.

"வீட்டை விட்டுக் கலைச்சால் எப்பிடி இருக்குமெண்டு எனக்குத் தெரியும். உதுகளையும் கலைக்க நான் விடமாட்டன்."

"பிராந்துக்கு வீடு, எங்களுக்குத் தறப்பாள் கொட்டிலோ?"

"ஓம். தறப்பாள் எங்களுக்குப் பழக்கம்தானே."

சிமியோன் கோடரியைக் கீழே போட்டான். அன்றிலிருந்து அந்தப் பருந்துகள் அவர்கள் வீட்டுப் பருந்துகள் ஆகிவிட்டன. மத்தியானத்தில் யசிந்தா மீன் கீறும்போது குடலை மேலே எறிவாள். அது நிலத்தில் விழ முன்னர் பருந்து காலால் ஏந்திக்கொண்டு போகும். ஒவ்வொரு வருடமும் குஞ்சுகள் பொரித்துப் பறந்து போகும். அவள் கும்பிட்டு அனுப்பிவைப்பாள்.

இந்த வருடம் கூட்டில் இரண்டு குஞ்சுகள். தவக்காலம் பிறந்தபோது உடம்பெல்லாம் கபில நிறமாகி, கிளையில் வந்து நின்று செட்டை அடித்துப் பழகத் தொடங்கிவிட்டன. இன்னும் கொஞ்ச நாளில் பறந்துவிடும் என்று யசிந்தா சொல்லிக்கொண்டிருந்தாள்.

ஒரு வெள்ளிக்கிழமை. கோயிலில் சிலுவைப்பாதை முடிந்து, பொழுதுபடும் நேரத்தில் படலையைத் திறந்தவள் அப்படியே நின்றுவிட்டாள். கருவாடு காயும் தட்டியின் கீழே தாய்ப்பருந்து இரண்டு செட்டையையும் விரித்தபடி செத்துக் கிடந்தது. ஓடிப்போய் வேம்படியைப் பார்த்தாள். குஞ்சுகள் இரண்டும் நிலத்தில் மல்லாந்து கிடந்தன. கால்கள் இறுகிப் பொத்தியிருந்தன. சொண்டால் நுரை வடிந்தது. உடம்பு வெடவெடவென்று நடுங்கியது.

"ஐயோ, என்ரை மாதாவே!"

அவள் போட்ட சத்தத்தில் சிமியோன் வலையை எறிந்துவிட்டு ஓடிவந்தான். குஞ்சுகளைத் தன் சேலைத் தலைப்பில் ஏந்திக்கொண்டு நிலத்தில் இருந்துவிட்டாள் யசிந்தா. சிமியோன் மிருக வைத்தியர் வித்தியாவுக்குத் தொலைபேசி எடுத்தான். அவள் உடுப்பிட்டிப் பிள்ளை, வேலைக்கு வந்து அதிக காலம் ஆகவில்லை. ஸ்கூட்டியை நிறுத்திய கையோடு முழங்காலிட்டு இரண்டு குஞ்சுக்கும் ஊசி போட்டாள். வாயைத் துடைத்து, கரித்தூள் கரைத்துப் பருக்கினாள். பிறகு தாய்ப்பருந்தின் தொண்டைப் பையை மெதுவாகக் கீறிப் பார்த்தாள். உள்ளே ஒரு துண்டு மீன். அதிலிருந்து உள்ளிப்பூண்டின் மணம் போல ஒரு காரமான நெடி எழுந்தது.

"மருந்து திண்டிருக்கு அக்கா. தோட்டத்துக்கு அடிக்கிற மருந்து போலை கிடக்கு. மீனிலை பட்டிருக்கு. தாய் அதைக் குஞ்சுகளுக்கும் ஊட்டியிருக்கு."

"ஆரோ பூசி வைச்சிருக்கிறாங்கள் பிள்ளை?"

"இருக்கலாம். பரிசோதனைக்கு அனுப்பிப் பாப்பம். முடிவு வர நாளெடுக்கும். வனசீவராசிகள் ஆக்களுக்கும் நான் அறிவிக்கிறன்."

யசிந்தாவுக்கு முடிவு வேண்டியிருக்கவில்லை. அவளுக்கு ஆளைத் தெரியும்.

பக்கத்து ஒழுங்கையில் பிரகலாதன் கோழி வளர்த்தான். முட்டையும் குஞ்சும் விற்றுத்தான் அவன் குடும்பம் ஓடியது. பருந்து தலைக்கு மேலே வட்டமிட்டால் தகரப் பேணியை அடித்துக்கொண்டு, கவணில் கல்லை வைத்து எறிவான். போன கிழமைகூட வேலிக்கு மேலால் கத்தினான்: "யசிந்தா! உன்ரை செல்லப் பிள்ளையள் என்ரை வயித்திலை அடிக்குதுகள். ஒரு நாளைக்கு உதுகளுக்கு ஒரு முடிவு கட்டுறன் பார்!"

விடியும்போது ஒரு குஞ்சு அவள் மடியிலேயே அடங்கிப்போனது. கடைசியாக ஒருமுறை செட்டையை விரிக்கப் பார்த்தது, முடியவில்லை. அந்தச் சின்ன உடல் குளிர்ந்துகொண்டு போனதை அவள் கை உணர்ந்தது. முன்பும் ஒருமுறை அந்தக் கை அப்படி உணர்ந்ததுண்டு. அவ்வளவுதான், அவளுக்கு விசர் பிடித்துவிட்டது.

வள்ளங்கள் கரை தட்டும் நேரம். துறையில் சனம் நிறைந்திருந்தது. பிரகலாதன் கோழிகளுக்கு மீன் கழிவு எடுக்க வாளியோடு வந்திருந்தான். துறையில் நிற்கும் அந்தோனியார் சுரூபத்துக்கு முன்னால் வந்து நின்ற யசிந்தா, குனிந்து இரண்டு கையாலும் மண்ணை அள்ளினாள்.

மண் அள்ளி எறிந்து திட்டுவது கடற்கரையில் சின்ன விஷயம் இல்லை. அப்படித் திட்டினால் பலிக்கும் என்று சனம் நம்பும். பலித்தால் அதைத் திருப்பி எடுக்க வழியில்லை என்றும் நம்பும். யசிந்தா அதுவரை யார்மீதும் மண் எறிந்ததில்லை.

"குஞ்சுகளுக்கு நஞ்சு குடுத்த கை புழுத்துப் போகும்! அந்தக் கையாலை அள்ளித் தின்னிற சோறு தொண்டையிலை நிக்கும்! அந்தக் கை வளத்தது ஒண்டும் அந்தக் கையிலை தங்காது! அந்தோனியாரே, கேட்டுக்கொண்டு நில்லும்!"

எறிந்த மண் பிரகலாதனின் நெஞ்சிலும் வாளியிலும் விழுந்தது.

அவன் முகம் செத்துப்போனது. "ஓம், கல்லெறிஞ்சிருக்கிறன். தகரம் அடிச்சிருக்கிறன். நஞ்சு வைக்கிற ஆள் நானில்லை யசிந்தா. வைரவர் கோயிலிலை கற்பூரம் கொளுத்திச் சத்தியம் பண்ணுறன், வா."

"கோழிக்காரன் சத்தியம் பண்ணினால் சேவலும் முட்டை போடும்!" என்று வலையிலிருந்து மீன் கழற்றிக்கொண்டிருந்த ஒருவன் சொன்னான். துறையே சிரித்தது. பிரகலாதன் வாளியை அங்கேயே போட்டுவிட்டுப் போனான். அன்றிலிருந்து அவன் படலையில் முட்டைக்கு ஆள் வரவில்லை. நஞ்சு வைத்தவன் வீட்டு முட்டையை யார் வாங்குவார்கள்?

ஆண்பருந்தும் கூட்டுக்குத் திரும்பி வரவில்லை. யசிந்தாவுக்கு இப்போது உலகத்தில் இருந்தது ஒன்றே ஒன்று. அந்த மற்றக் குஞ்சு. அதுவாவது பறக்க வேண்டும்.

வித்தியா ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொடுத்தாள். உப்புப் போடாத பச்சை மீன்தான் கொடுக்க வேண்டும். சாக்கால் மறைத்து வைக்க வேண்டும். "முகத்தைக் காட்டாதேங்கோ அக்கா. கதைக்காதேங்கோ. கையாலை தீத்தாதேங்கோ, குறட்டாலை பிடிச்சுக் குடுங்கோ. மனுசரைப் பழகினால் பிறகு உதாலை தனியச் சீவிக்க ஏலாது."

"ஓம் பிள்ளை, ஓம்" என்று தலையாட்டினாள் யசிந்தா. வித்தியாவின் ஸ்கூட்டி ஒழுங்கை திரும்பியதும் சாக்கை விலக்கினாள். குஞ்சின் கால்கள் இன்னும் சரியாக ஊன்றவில்லை. தலை தள்ளாடியது. தாயில்லாத குழந்தையைக் குறட்டால் பிடித்து வளர்க்க எந்தப் பெண்ணால் முடியும்? சூடை மீனை நகத்தால் கிள்ளி, முள் எடுத்து, விரல் நுனியில் வைத்து நீட்டினாள். குஞ்சு முதலில் பார்த்தது. பிறகு கொத்தி எடுத்தது. அவள் விரலில் இரத்தம் கசிந்தது. அவளுக்கோ மார்பு நிறைந்துபோனது.

"என்னைக் கலியாணம் முடிச்ச நாளையிலை இருந்து இப்பிடி ஒரு வாய் எனக்குத் தீத்தியிருப்பியே?" என்றான் சிமியோன்.

"நீங்கள் சட்டியோடை விழுங்கிற ஆள். உங்களுக்கு என்னத்துக்குத் தீத்துறது?"

அவன் சிரித்தான். பழைய வலைத் துண்டுகளைப் பொத்தி, பனங்கம்பு நட்டு, குஞ்சு செட்டை அடித்துப் பழகப் பெரிய கூடு ஒன்று கட்டிக்கொடுத்தவனும் அவன்தான். ஒரு நாள் பின்னேரம் வலையைத் தோளில் போட்டுக்கொண்டு வந்தவன், கூட்டுக்குள்ளிருந்து அவள் குரல் கேட்டு நின்றான்.

"இஞ்சை வா, ஜஸ்ரின். அம்மாட்டை வா."

சிமியோன் உள்ளே போகவில்லை. கிணற்றடிக்குப் போய், வாளியைக் கிணற்றுக்குள் விட்டுவிட்டு, கயிற்றைப் பிடித்தபடி நெடுநேரம் நின்றான்.

குஞ்சு தேறியது. கம்பிலிருந்து கம்புக்குத் தாவியது. பிறகு கூட்டின் ஒரு தலைப்பிலிருந்து மறு தலைப்புக்குப் பறந்தது. வித்தியா பார்க்க வந்த அன்று சந்தோசத்தில் யசிந்தா தேத்தண்ணீர் ஊற்றிக்கொண்டு வந்தாள். வித்தியா தட்டிகளுக்குப் பக்கத்தில், வேம்பு நிழலில் இருந்தாள். எதிரே யசிந்தாவின் கட்டாக் கருவாடு வரிசை வரிசையாகக் காய்ந்துகொண்டிருந்தது. வித்தியா கோப்பையை வாய்க்குக் கொண்டுபோனவள் அப்படியே நிறுத்தினாள்.

"அக்கா, கிணத்தடியிலை செதில் கிடக்கிற இடத்திலை ஈ அப்பிப்போய்க் கிடக்கு. இஞ்சை இவ்வளவு மீன் காயுது. ஒரு ஈகூட இல்லையே?"

யசிந்தாவின் முகம் மலர்ந்தது. "அதுதான் பிள்ளை என்ரை கைராசி. யாவாரி ஒரு மருந்து தாறவர். ஒரு மூடி எடுத்து வாளித் தண்ணியிலை கலந்து தெளிச்சு விட்டால் ஈ கிட்டவும் வராது. மற்றவையும் தெளிக்கிறவை, ஆனால் என்ரை பதம் அவைக்கு வராது." ஓடிப்போய்ச் சமையலறைப் பலகையிலிருந்து போத்தலை எடுத்து வந்தாள். பெயர் ஒட்டாத போத்தல். தன் மூக்குக்குக் கீழே பிடித்து மூடியைத் திறந்தாள்.

உள்ளி மணம்.

எத்தனையோ நாள் அவள் மூக்கில் பட்ட மணம்தான். மீன் வாடையோடு சேர்ந்து பழகிப்போன மணம். இன்றைக்குத்தான் அது தாய்ப்பருந்தின் கீறிய தொண்டையிலிருந்து எழுந்த மணமாக இருந்தது. வித்தியா கோப்பையைக் கீழே வைத்தாள். அந்த வெள்ளிக்கிழமை, கோயில் நாளென்று, யசிந்தா மீன் கீறவில்லை, குடல் எறியவுமில்லை. தாய்ப்பருந்து இந்தத் தட்டியிலிருந்துதான் துண்டைத் தூக்கியிருக்கிறது. தூக்கிக்கொண்டுபோய்த் தன் பிள்ளைகளுக்குக் கிள்ளிக் கிள்ளி ஊட்டியிருக்கிறது.

யசிந்தா போத்தலைப் பார்க்கவில்லை. அதைப் பிடித்திருந்த தன் கையைப் பார்த்தாள்.

"பிள்ளை... இதைத் திண்ட சனம்?"

"அதையும் நினைச்சுப் பாருங்கோ அக்கா" என்று மட்டும் சொன்னாள் வித்தியா. அவள் குரலில் கோபம் இல்லை. அதுதான் யசிந்தாவைக் கொன்றது.

தட்டியில் காய்ந்த அவ்வளவு கருவாட்டையும் அன்றைக்கே கிடங்கு வெட்டிப் புதைத்தார்கள். போத்தலை வித்தியா கொண்டுபோனாள். இரவு சிமியோன் சோற்றைப் பிசைந்து கொடுத்தான். யசிந்தா ஒரு வாய் வைத்தாள். தொண்டையில் நின்றது. அவள் எறிந்த மண் போய்ச் சேர வேண்டிய இடத்துக்குத்தான் வந்து சேர்ந்திருந்தது.

காலையில் பிரகலாதன் வீட்டுக்குப் போனாள். கோழிக்கூடு வெறுமையாகக் கிடந்தது. கோழிகளை வந்த விலைக்குத் தள்ளிவிட்டு, அவன் முற்றத்தில் கம்பி வலையைச் சுருட்டிக்கொண்டிருந்தான். யசிந்தா மண்ணில் முழங்காலில் விழுந்தாள்.

"பிரகலாதண்ணை, அது நான்தான். என்ரை கருவாட்டு மருந்துதான். அறியாமல் செய்துபோட்டன். என்னை மன்னியுங்கோ."

அவன் சுருட்டுவதை நிறுத்தவில்லை. அவளைப் பார்க்காமலே சொன்னான்: "மண்ணை அள்ளி எறியிறது லேசு, யசிந்தா. பிறகு பொறுக்கி எடுக்கேலாது."

அவள் அங்கிருந்து நேரே துறைக்குப் போனாள். அதே சுரூபத்துக்கு முன்னால், அதே வள்ளங்கள் கரை தட்டும் நேரத்தில், குரல் உடைய உடையச் சொன்னாள். நஞ்சு கொடுத்த கை தன் கை என்றாள். பிரகலாதனில் ஒரு குற்றமும் இல்லை என்றாள். அந்த மருந்தை இனி ஒருவரும் தெளிக்காதீர்கள் என்று கையெடுத்துக் கும்பிட்டாள். இந்தமுறை ஒருவரும் சிரிக்கவில்லை. சில பெண்கள் அழவும் செய்தார்கள். ஆனால் அழுதவர்களே அடுத்த நாள் தெளித்தார்கள்.

"உன்ரை பிராந்துக்காக நாங்கள் புழுக்கருவாடு விக்கிறதோ?" என்று ஒருத்தி கேட்டாள். அதில் நியாயம் இல்லை என்று எப்படிச் சொல்வது? யசிந்தா மருந்தில்லாமல், உப்பை மட்டும் கூட்டிக் காயவைத்த கருவாட்டில் புழு வைத்தது. யாவாரி அவள் சாக்கை முதல்முறையாக அவிழ்த்துப் பார்த்தான். அவிழ்த்தபடியே விட்டுவிட்டுப் போனான்.

பாஸ்காப் பெருநாள் கழிந்த கிழமை குஞ்சை விடுவதென்று வித்தியா சொன்னாள். வலைக்கூட்டின் ஒரு பக்கத்தைச் சிமியோன் அவிழ்த்துவிட்டான். குஞ்சு கம்பில் நின்று தலையைச் சரித்துப் பார்த்தது. பிறகு ஒரே வீச்சில் எழும்பி வேம்பின் உச்சியில், தன் பழைய கூட்டுக்குப் பக்கத்தில் போய் நின்றது. வித்தியா கை தட்டினாள். யசிந்தா சேலைத் தலைப்பை வாயில் அடைத்துக்கொண்டு அழுதாள்.

மத்தியானம் அவள் மீன் கீற இருந்தபோது அது இறங்கி வந்தது. வந்து அவள் முழங்கையில் நின்று, அவள் விரலிலிருந்து மீனை எடுத்தது. ஐயோ, அந்தச் சந்தோசம்! ஆனால் அது அரை நாள் சந்தோசம்.

பின்னேரம் அது நாலைந்து வீடு தள்ளி, ஒரு தட்டியின் மேல் இருந்தது. மருந்து தெளித்த தட்டி. காலில் ஒரு துண்டு மீன். சுற்றிவரப் பெண்கள் நின்றார்கள். அது ஒருவருக்கும் பயப்படவில்லை. மனிதர் என்றால் மீன் தருகிறவர்கள் என்றுதானே அது படித்திருந்தது?

"ஜஸ்ரின்! தின்னாதை! தின்னாதை என்ரை குஞ்சு!" செருப்பில்லாத காலோடு ஒழுங்கை முழுக்கக் கத்திக்கொண்டு ஓடினாள் யசிந்தா. அவள் குரலைக் கேட்டு அது துண்டைப் போட்டுவிட்டு அவளிடம் பறந்து வந்தது. அதன் சொண்டைத் திறந்து துடைத்தாள். துடைத்துத் துடைத்து அதன் தலையில் முகத்தை வைத்து விம்மினாள்.

"தூரத்திலை கொண்டுபோய் விடலாமோ பிள்ளை?" என்று பின்னால் ஓடிவந்த வித்தியாவைக் கேட்டாள்.

வித்தியா இல்லை என்று தலையசைத்தாள். "கடற்கரை முழுக்கக் கருவாடு காயுது அக்கா. எங்கை விட்டாலும் சனத்தைத் தேடித்தான் போகும். அது மனுசரைக் கண்டால் பறந்தோட வேணும். அதுக்கு வேறை வழியில்லை."

அன்று பொழுதுபட முன்னர் யசிந்தா திரும்பவும் பிரகலாதனின் படலையில் போய் நின்றாள்.

"அண்ணை, பிராந்து கலைக்கத் தெரிஞ்ச ஆள் இந்த ஊரிலை நீங்கள்தான். என்ரை குஞ்சைக் கலைச்சு விடுங்கோ. எந்த முகத்தோடை கேக்கிறனெண்டு எனக்குத் தெரியாது."

பிரகலாதன் அவளை நிமிர்ந்து பார்த்தான். மண் எறிந்த நாளுக்குப் பிறகு அன்றைக்குத்தான் பார்த்தான்.

"நான் கலைச்சால் அது எனக்குத்தான் பயப்பிடும். அது நம்பியிருக்கிறது உன்னை. உன்னட்டை அடி வாங்கினால்தான் ஊரிலை ஒருத்தரையும் நம்பாது. எறிய வேண்டியது நீ." கொடியில் கிடந்த சால்வையை எடுத்துத் தோளில் போட்டான். "தகரம் அடிக்க நான் வாறன்."

அடுத்த நாள் மத்தியானம் அது வழக்கம்போல வேம்பிலிருந்து இறங்கியது. யசிந்தா அசையாமல் நின்றாள். ஒரு கையில் மீன் இல்லை. மற்றக் கையில் கல். வேலியோரத்தில் பிரகலாதன் பேணியை டமடமவென்று அடித்தான். குஞ்சு திடுக்கிட்டு, சத்தத்துக்குப் பயந்து, வேறெங்கும் போகாமல் அவளைத் தேடியே வந்தது.

"போ!" என்று கத்தினாள். "போ மூதேசி! ஆர் நீ எனக்கு? போ!"

முதல் கல் நிலத்தில் விழுந்தது. குஞ்சு அவள் தோளுக்கு மேலே தத்தளித்து நின்றது, கால்களை நீட்டியபடி, இருக்க இடம் கேட்பது போல. இரண்டாவது கல் அதன் நெஞ்சில் பட்டது.

அது ஒரு சத்தம் போட்டது. குழந்தை வீரிடுவது போன்ற சத்தம். விலகி, தள்ளாடி, எழும்பி, வேம்பைத் தாண்டியது. யசிந்தா விடவில்லை. ஓடி ஓடி எறிந்தாள். கண்ணீரில் ஒன்றும் தெரியவில்லை, இருந்தும் எறிந்தாள். பேணிச் சத்தம் எப்போதோ நின்றுவிட்டிருந்தது. கடற்கரை வரைக்கும் போய், அது கடலுக்கு மேலே சின்னப் புள்ளியாகும்வரை எறிந்தாள். கடைசியில் கைக்குக் கல் அகப்படவில்லை. குனிந்து அள்ளியபோது வந்தது மண். அதை எறியாமல் பிடித்துக்கொண்டு அப்படியே இருந்துவிட்டாள்.

பிரகலாதன் பின்னால் வந்து நின்றான். அவள் விரல்களை விரித்து, உள்ளங்கை மண்ணைத் தட்டிவிட்டான்.

இப்போது யசிந்தா கருவாடு போடுவதில்லை. துறையில் கூலிக்கு மீன் வெட்டுகிறாள். முட்டை கேட்டு வருபவர்களை எல்லாம் பிரகலாதன் வீட்டுக்குத்தான் அனுப்புகிறாள். அவன் மறுபடியும் கொஞ்சக் கோழிகள் வைத்திருக்கிறான். சில நாட்களில் துறைக்கு மேலே, வெகு உயரத்தில், இளம் பருந்து ஒன்று வட்டமிடுவதாகச் சிமியோன் வந்து சொல்வான். வளர்ந்த பருந்து போல நெஞ்சு வெள்ளை விழத் தொடங்கிவிட்டதாம். சனத்தைக் கண்டால் கிட்ட வருவதில்லையாம்.

"ஒருக்கால் நிமிர்ந்து பாரன், யசிந்தா."

அவள் நிமிர்வதில்லை. முக்காட்டை நெற்றிக்குக் கீழே இழுத்துவிட்டுக்கொண்டு மீனை வெட்டுகிறாள். தன் முகத்தை அதற்குத் தெரியும். கண்டால் இறங்கி வந்துவிடும்.